குடும்பக் காரை விற்று இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

குடும்பத்துக்கென்று வாங்கிய செடான் காரை விற்றுவிட்டு இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் எண்ணம் பெரும்பாலும் ஒரே நாளில் தோன்றுவதில்லை. பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே போன பிறகோ, அலுவலகப் பயணம் குறைந்த பிறகோ, பின் இருக்கை மாதக்கணக்கில் காலியாகவே கிடப்பதைத் தற்செயலாகக் கவனித்த பிறகோதான் அது மனத்தில் வேர் விடுகிறது. (இந்த நான்கு கதவு வண்டியை ஆங்கிலேயர் சலூன் என்பார்கள், தமிழில் அந்தச் சொல் முடிதிருத்தும் கடைக்குப் போய்விட்டதால் செடான் என்றே இங்கு எழுதுகிறேன்.) எண்ணத்தில் தவறேதும் இல்லை. ஆனால் மாற்றிக்கொண்டு பின்னர் வருந்துபவர்கள் புதிய வண்டியின் வேகத்தையோ அழகையோ குறை சொல்வது அரிது. இழந்த இருக்கைகளையும் இழந்த டிக்கியையும் முன்கூட்டிக் கணக்கிடாமல் விட்டதைத்தான் சொல்வார்கள். ஆகவே கிடைக்கப்போவதைப் பற்றிப் பேசும் முன், போகப்போவதை அளந்து பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு மாத ஒத்திகை

விற்பதற்கு முன், இப்போதுள்ள செடானையே இரண்டு இருக்கை வண்டியாக வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பின் கதவுகளைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். டிக்கியில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, அதில் அடங்குவதை மட்டுமே ஏற்றிச் செல்லுங்கள். பெட்டியின் அளவை மனம்போன போக்கில் வைக்கக் கூடாது. நடுத்தரக் குடும்பச் செடானின் டிக்கி ஏறத்தாழ 450 முதல் 500 லிட்டர் கொள்ளும். 2015இல் வந்த நான்காம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை காரின் டிக்கி 130 லிட்டர்தான் கொள்ளும். அது 65 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பெட்டிக்குச் சமம். உண்மையான டிக்கி இப்படி நேர்ச்சதுரமாக இராது என்பதால் கெட்டியான சூட்கேஸ்களுக்கு அதிலும் இடம் குறைவு.

இந்த ஒத்திகையில் எதிர்பாராமல் தட்டுப்படுவது பெரிய சாமான்கள் அல்ல. குடை, மேல்சட்டை, மடிக்கணினிப் பை, வாங்கிய மருந்து என்று நாம் யோசிக்காமலே பின் இருக்கையில் வீசிப் பழகிய பொருள்களுக்கு இனி இடமில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தனியாகப் போகும்போது பக்கத்து இருக்கையே டிக்கியாகிவிடும். இருவராகப் போகும்போது அந்த வசதியும் போய்விடும். விதியை மீறிப் பின் கதவைத் திறக்க நேர்ந்த ஒவ்வொரு முறையும் காரணத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாத முடிவில் அந்தத் தாளை வீட்டாருடன் உட்கார்ந்து படித்து, தள்ளிப்போட்டிருக்கக்கூடிய பயணம் எது, வாடகை வண்டியில் முடிந்திருக்கக்கூடியது எது, வேறு வழியே இல்லாதது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் மூன்றாம் வகை அநேகமாகக் காலியாக இருக்கும். இருப்பது இந்த ஒரே வண்டி என்றால், வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் மூன்றாம் வகைப் பயணம் வருகிறவர்கள் செடானை விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்கள் டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் போன்ற, பெயருக்கேனும் பின் இருக்கை உள்ள கூபேக்களை (இரண்டு கதவும் நிலையான கூரையும் உள்ள கார்களை) பார்க்கலாம். அந்தப் பின் இருக்கையில் வளர்ந்தவர் உட்கார முடியாது என்றாலும் சாய்வை மடித்தால் சாமான் போகும்.

சிறு குழந்தை உள்ள வீட்டில் ஒன்றைத் தனியே கவனிக்க வேண்டும். பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையை, இயங்கும் நிலையில் உள்ள ஏர்பேக்குக்கு முன்னால் வைப்பது உயிருக்கே ஆபத்தானது. இரண்டு இருக்கை வண்டியில் குழந்தைக்கு முன் இருக்கையைத் தவிர வேறு இடம் கிடையாது. எனவே பயணி பக்க ஏர்பேக்கை நிறுத்தி வைக்கும் சுவிட்ச் அந்த வண்டியில் உண்டா என்பதையும், குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் உண்டா என்பதையும் உரிமையாளர் கையேட்டைப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

எந்த வண்டி

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் குதிரைத்திறனைப் பார்ப்பது இயல்பு. எடையை முதலில் பாருங்கள் என்பேன். 1989இல் வந்த முதல் எம்எக்ஸ்-5, ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடையும் 1.6 லிட்டர் எஞ்சினும் கொண்ட எளிய வண்டி. இன்றைய குடும்பச் செடான்கள் பல 1400 கிலோவைத் தாண்டுகின்றன. எடை குறைந்தால் டயரும் பிரேக்கும் நீடித்து உழைக்கும், உதிரிச் செலவு குறையும். அதைவிட முக்கியமாக, சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே வளைவுகள் சுவைக்கும். நானூறு குதிரைத்திறன் வண்டியின் முழு ஆற்றலையும் பொதுச்சாலையில் சில விநாடிகளுக்கு மேல் பயன்படுத்த முடியாது. மீதி நேரமெல்லாம் அதை அடக்கிக்கொண்டு ஓட்டுவதிலேயே கழியும். 2016இல் பத்து லட்சமாவது வண்டியை எட்டிய எம்எக்ஸ்-5, அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரைப் பெற்றது. அவ்வளவு வண்டிகள் ஓடுவதால் உதிரி பாகமும், அதன் நோய்களை அறிந்த மெக்கானிக்கும் கிடைப்பது எளிது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் இருக்கும் இடம் அடுத்தது. முன்னால் எஞ்சின் வைத்துப் பின் சக்கரங்களை இயக்கும் எம்எக்ஸ்-5, ஹோண்டா எஸ்2000, பிஎம்டபிள்யூ இசட்4 போன்றவை செடானிலிருந்து வருகிறவருக்குச் சீக்கிரம் பழகும். இருக்கைக்குப் பின்னால் எஞ்சின் உள்ள போர்ஷே பாக்ஸ்டர், டொயோட்டா எம்ஆர்2, லோட்டஸ் எலிஸ் ஆகியவை வளைவில் இன்னும் கூர்மையானவை; ஆனால் எஞ்சினை எட்டுவது கடினம் என்பதால் சிறு வேலைக்கும் கூலி கூடும். இவற்றுள்ளும் அன்றாட வாழ்க்கைக்கு ஏற்ற விதத்தில் பெரிய வேறுபாடு உண்டு. 1996இல் வந்த பாக்ஸ்டருக்கு முன்னும் பின்னுமாக இரண்டு டிக்கிகள் இருக்கின்றன. 1999இல் வந்த மூன்றாம் தலைமுறை எம்ஆர்2இல் முன் பானெட்டுக்குள் இருப்பதைப் பெரும்பாலும் ஸ்டெப்னியே அடைத்துக்கொள்வதால், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள சிறிய அறைதான் சாமான் வைக்கும் இடம். அதே 1999இல் வந்த எஸ்2000இன் இரண்டு லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 9000 சுற்றுகள் வரை போகும் என்பது புகழ்பெற்ற செய்தி. ஆனால் ஆறாயிரம் சுற்றுக்குக் கீழே அது ஏறத்தாழச் சாதாரணக் கார் போலவே நடந்துகொள்ளும் என்பதால், நெரிசலில் மட்டுமே ஓட்டப்போகிறவருக்கு அந்தப் புகழால் பயன் குறைவு. எலிஸின் முதல் தலைமுறையில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கூடக் கிடையாது. அதை ஒரே காராக வைத்துக்கொள்வது துறவுக்கு நெருக்கமான வாழ்க்கை.

கூரையைப் பொறுத்தவரை, துணிக்கூரை எடை குறைந்தது, எளிதில் பழுது பார்க்கக்கூடியது, ஆனால் சத்தத்தையும் திருடனின் கத்தியையும் தடுக்காது. 1996இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே பரவலாக்கிய மடிப்பு உலோகக் கூரை மூடியிருக்கும்போது கூபே போல அமைதி தரும். திறந்தால் டிக்கியின் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும், வயதானால் அதன் மோட்டார்களும் ஹைட்ராலிக் குழாய்களும் செலவு வைக்கும். உச்சி வெயிலில் திறந்த கூரை சுகமல்ல, தண்டனை. உங்கள் பயணங்கள் பெரும்பாலும் நண்பகலில்தான் என்றால் நிலையான கூரை உள்ள கூபேயே பொருத்தம்.

உட்கார்ந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்

தேர்ந்தெடுத்த வண்டியில் குறைந்தது அரை மணி நேரம், கூரையை மூடிய நிலையில், உங்களுடன் வழக்கமாக வருபவரையும் பக்கத்தில் அமர்த்தி ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் முழங்காலில் இடிக்கிறதா, கிளட்ச் மிதிக்கும் காலுக்கு இளைப்பாற இடம் உண்டா, கூரைத் துணி தலையைத் தொடுகிறதா, பின் பக்கவாட்டில் வரும் வண்டி கண்ணில் படுகிறதா என்பவை ஐந்து நிமிட ஓட்டத்தில் தெரியாது. ஏறுவதும் இறங்குவதும் தனிக் கலை: முதலில் இருக்கையில் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். முதுகுவலியோ மூட்டுவலியோ உள்ளவர், இருபுறமும் வேறு கார்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் இதைச் செய்து பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். உங்கள் வீட்டு வாசலின் சரிவையும், வழக்கமாகக் கடக்கும் வேகத்தடைகளையும் அந்த வண்டியின் அடிப்பாகம் உரசாமல் தாண்டுமா என்பதை நேரில் ஓட்டியே அறிய வேண்டும். முடிந்தால் இதே வகை வண்டியை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். அந்த வாடகை வீண்செலவல்ல.

பழைய வண்டியைச் சோதிக்கும் முறை

இவ்வகைக் கார்களைப் பெரும்பாலோர் பழையதாகவே வாங்குகிறார்கள், எனவே இந்தப் பகுதியில் அவசரம் கூடாது. ஆவணங்களில் தொடங்குங்கள். வண்டி எண்ணும் சேஸி எண்ணும் பதிவுச் சான்றிதழுடன் ஒத்துப்போகின்றனவா, வங்கிக் கடன் பாக்கி உண்டா, சர்வீஸ் ரசீதுகளில் கிலோமீட்டர் எண்ணிக்கை தேதிக்குத் தேதி ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மிகக் குறைவாக ஓடிய வண்டி என்பது எப்போதும் நற்செய்தி அல்ல. நின்றே கிடக்கும் காரில் ரப்பர் சீல்கள் காய்கின்றன, டயர் இறுகுகிறது, பிரேக் டிஸ்க் துருவேறுகிறது. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றப்பட்ட வண்டியே மேல்.

நீங்கள் போய்ச் சேரும் முன் எஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது வரும் நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். உலோகத் தட்டல் ஓசை கேட்டால் காரணம் தெரியாமல் வாங்கக் கூடாது. கிளட்ச் வழுக்குகிறதா என்பதை அறிய, உயர்ந்த கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். வேகம் ஏறாமல் எஞ்சின் சுற்று மட்டும் எகிறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு கியரையும், குறிப்பாகக் குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியரை, அவசரமின்றிப் போட்டுப் பாருங்கள்.

டயர்கள் முந்தைய உரிமையாளரின் குணத்தைச் சொல்லிவிடும். பக்கச் சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நான்கும் நான்கு நிறுவனத்தவை என்றால் யோசியுங்கள். டயரில் சிக்கனம் பிடித்தவர் ஆயிலிலும் பிடித்திருப்பார். உள் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் தவறியிருக்கலாம், அல்லது சஸ்பென்ஷனை யாரோ தாழ்த்தியிருக்கலாம். பந்தயத் தடத்தில் ஓட்டப்பட்ட வண்டிக்கும் அடையாளங்கள் உண்டு: நீலம் பாய்ந்த பிரேக் டிஸ்க், சக்கர வளைவுகளின் உட்புறத்தில் ஒட்டிய ரப்பர்த் துகள்கள், இருக்கைகளுக்குப் பின்னால் பாதுகாப்புக் கூண்டு பொருத்தியதற்கான துளைகள். தடத்தில் ஓடியதாலேயே வண்டி கெட்டுவிடாது. அதை மறைக்கும் விற்பனையாளரிடம்தான் கவனம் தேவை.

துணிக்கூரை வண்டிகளில் எதிரி மேலிருந்து வரும் மழை அல்ல, வடியாமல் தேங்கும் நீர். மடிப்பின் அடியில் உள்ள வடிகால் துளைகள் இலை தழையால் அடைபட்டால், பழைய எம்எக்ஸ்-5இல் நீர் கதவுக்குக் கீழுள்ள உட்கூடுகளில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் அது உள்ளே புகுந்து இருக்கைக்கு அடியில் உள்ள மின்னணுப் பெட்டியை நனைக்கும். எனவே தரை விரிப்பைத் தூக்கி, கையால் அழுத்தி ஈரம் பாருங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னால், அடிப்பாகத்தில் வண்ணம் குமிழ்விட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிளாஸ்டிக் பின்சன்னல் உள்ள வண்டியென்றால் மடிப்புக் கோட்டில் விரிசலைத் தேடுங்கள்.

ஒவ்வொரு மாடலுக்கும் அறியப்பட்ட நோய் ஒன்றிரண்டு உண்டு. வாங்கும் முன் அவற்றைப் படித்துக்கொள்வது கட்டாயம். எடுத்துக்காட்டாக, 2008 வரையிலான பாக்ஸ்டர் எஞ்சின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளை இயக்கும் பகுதிக்குச் சுழற்சியைக் கடத்தும் இடைத்தண்டு) பேரிங் உடைந்தால் எஞ்சினே வீணாகும். 2009 மாடலிலிருந்து அந்த ஷாஃப்ட்டே இல்லாத புதிய எஞ்சின் வந்தது. பழைய எஞ்சின் வண்டியை வாங்கினால், எஞ்சினைப் பிரிக்காமல் மாற்றக்கூடிய வகையாக இருந்தால், கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே அந்த பேரிங்கையும் மாற்றிவிடுவது கூலியை மிச்சப்படுத்தும். அதேபோல, எஞ்சினைத் தவறான கியரில் அளவுக்கு மீறிச் சுழற்றிய விவரத்தை போர்ஷே வண்டிகளின் கணினி பதிந்து வைக்கும். அந்த அறிக்கையை எடுத்துத் தரச் சொல்லலாம். இவ்வளவும் பார்த்த பிறகும், அந்த மாடலை அறிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடமிருந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பணமும் காப்பீடும் கைமாற்றமும்

ஒதுக்கிய தொகை முழுவதையும் வண்டி விலையில் போட்டுவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் முதல் ஆண்டுப் பழுதுகளுக்கென்று தனியே வையுங்கள். டயரும் பிரேக்கும் பேட்டரியும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக வரும். காப்பீட்டுத் தொகையை, விலை பேசுவதற்கு முன்பே, குறிப்பிட்ட மாடல், ஆண்டு, ஓட்டப்போகிறவர்களின் வயது ஆகிய விவரங்களைக் கொடுத்துக் கேளுங்கள். முந்தைய உரிமையாளர் மாற்றிய சைலன்சரையும் சக்கரங்களையும் கூட அறிவிக்க வேண்டும். மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே தடையாக நிற்கும்.

செடானை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது வேலையைக் குறைக்கும், ஆனால் இரண்டு பேரங்கள் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரு பக்கம் தாராளமாகத் தந்ததை மறு பக்கம் எடுத்துக்கொண்டாலும் நமக்குத் தெரியாது. ஆகவே புதிய வண்டிக்குத் தனி விலையும் பழைய வண்டிக்குத் தனி விலையும் எழுதி வாங்கி, கடைசியில் கையிலிருந்து போகும் வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடுங்கள். குடும்பக் காருக்கு ஆண்டு முழுவதும் வாங்குபவர் உண்டு. திறந்த கூரை வண்டிக்கோ குளிரோ மழையோ தொடங்கும்போது ஆள் குறையும். இந்த ஏற்றத்தாழ்வு உங்களுக்குச் சாதகமானது: செடானை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், ஸ்போர்ட்ஸ் காரைப் பருவம் மோசமாகும்போது வாங்கலாம். செடானை ஒப்படைக்கும் முன் அதன் திரையில் சேமித்த தொலைபேசி எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்து, சுங்கச்சாவடி அட்டையை நீக்கி, உரிமை மாற்றம் பதிவானதற்கான சான்றைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஓட்டப் பழகுதல்

செடானில் இருபது ஆண்டு அனுபவம் இருந்தாலும் முதல் சில வாரங்கள் புதியவராகவே ஓட்டுங்கள். பின் சக்கர இயக்க வண்டி, குறிப்பாக நடுவில், அதாவது இருக்கைக்குப் பின்னால், எஞ்சின் உள்ளது, வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் சாய்ந்து பின்பகுதி வெளியே வழுக்கப் பார்க்கும். பயந்து காலை எடுப்பது மனித இயல்பு என்பதால்தான் இது ஆபத்தாகிறது. பிரேக்கை நேர்ச்சாலையிலேயே முடித்துக்கொண்டு, வளைவில் ஆக்ஸிலரேட்டரை நிதானமாகப் பிடித்து, வெளியேறும்போது மெல்லக் கூட்டுவதே பழக வேண்டிய முறை. முன் சக்கர இயக்க வண்டிகளும் இதற்கு விலக்கல்ல: 1998இல் வந்த அவுடி டிடி அதிவேகத்தில் நிலைகுலைந்த விபத்துகளுக்குப் பிறகு, பின் ஸ்பாய்லரும் மின்னணு நிலைப்படுத்தும் அமைப்பும் சேர்க்கப்பட்டது. அத்தகைய அமைப்பு உள்ள வண்டியை வாங்குங்கள், அதை அணைக்காதீர்கள்.

அகலமான டயரும் குறைந்த எடையும் சேர்ந்தால் தேங்கிய நீரின்மேல் வண்டி சீக்கிரம் மிதக்கும். கோடைக்கான ஸ்போர்ட்ஸ் டயர்கள் வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் பிடிப்பை இழக்கும். பிற ஓட்டுநர்கள் உங்களைப் பார்க்கிறார்கள் என்றும் எண்ணாதீர்கள். தாழ்ந்த வண்டி உயரமான வாகனங்களின் பக்கக் கண்ணாடியில் மறைந்துவிடும். வாய்ப்பிருந்தால் மூடிய தடத்தில் நடத்தப்படும் ஓட்டுநர் பயிற்சிக்கு ஒரு நாள் செலவிடுங்கள். ஈரத்தரையில் முழு பிரேக் பிடித்துப் பார்த்த அனுபவம், அதிகக் குதிரைத்திறன் உள்ள மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைவிட மதிப்புள்ளது.

வீட்டுக்கு வந்த பிறகு

கூலன்ட் வெப்பம் காட்டும் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை எஞ்சினை உயர் சுற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. வாரக்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்குப் பேட்டரி பராமரிப்புச் சார்ஜரை இணைத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெறுமனே கிளப்பி அணைப்பதைவிட, ஆயில் முழுமையாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு வருவது நல்லது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், ஓடிய தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதே வழக்கம். டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க உதவும் பட்டை) உள்ள வண்டியில் அதற்கும் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கும் உண்டு.

துணிக்கூரையை ஈரமாக மடித்து வைக்காதீர்கள். அழுத்த நீர்க்குழாயை அதன் தையல்களுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். வடிகால்களுக்குள் கம்பியைக் குத்தினால் உள்ளே உள்ள குழாய் கிழியும். மழைக்காலம் தொடங்கும் முன், ஒரு குவளை நீரைக் கூரை மடிப்பின் ஓரத்தில் மெதுவாக ஊற்றிவிட்டு, அது சில விநாடிகளில் வண்டிக்கு அடியில் வடிகிறதா என்று இருபுறமும் குனிந்து பாருங்கள். ஒரு புறம் மட்டும் வடிந்தால் மறுபுறத்தை அன்றே சுத்தம் செய்துவிடுங்கள்.